ஆதித் திருச்சபை எழுத்துகளை ஆங்கிலத்தில் படிக்க: எந்த மொழிபெயர்ப்பை நம்பலாம்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிறிஸ்தவத்தின் முதல் நான்கைந்து நூற்றாண்டுகளில் எழுதப்பட்ட கடிதங்கள், மறையுரைகள், வாதநூல்கள் ஆகியவற்றைக் கிரேக்கமோ இலத்தீனோ தெரியாமல் ஆங்கிலம் வழியாகப் படிக்க விரும்பும் தமிழ் வாசகர்களுக்காக இந்தப் பக்கம்.

இலவசமாகக் கிடைக்கும் மொழிபெயர்ப்புகள் எல்லாத் தளங்களிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவே, ஏன்?

எல்லாம் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை. எடின்பரோவில் அலெக்சாண்டர் ராபர்ட்ஸ், ஜேம்ஸ் டொனால்ட்சன் இருவரும் 1867 முதல் 24 தொகுதிகளாக ஒரு வரிசையைப் பதிப்பித்தார்கள். நிசேயாவில் கூடிய ஆயர்களின் சங்கத்துக்கு, அதாவது 325ஆம் ஆண்டுக்கு, முந்தைய எழுத்துகள் அதில் இருந்தன. 1885இல் தொடங்கி கிளீவ்லண்ட் காக்ஸ் அதை அமெரிக்காவில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். அதுதான் ‘ஆன்டி-நைசீன் ஃபாதர்ஸ்’. அட்டவணைத் தொகுதியையும் சேர்த்து 10 தொகுதிகள். பின்னர் ஃபிலிப் ஷாஃப் ‘நைசீன் அண்ட் போஸ்ட்-நைசீன் ஃபாதர்ஸ்’ என்ற பெயரில் 14 தொகுதிகள் கொண்ட இரண்டு வரிசைகளை வெளியிட்டார். இரண்டாம் வரிசையில் ஹென்றி வேஸும் அவருடன் பதிப்பாசிரியர். ஆக மொத்தம் 38 தொகுதிகள். காப்புரிமை காலாவதியாகிவிட்டதால் ‘கிறிஸ்டியன் கிளாசிக்ஸ் எத்தீரியல் லைப்ரரி’, ‘நியூ அட்வென்ட்’ போன்ற தளங்கள் இவற்றையே ஏற்றி வைத்திருக்கின்றன. செயலிகளிலும் மலிவு விலை மின்னூல்களிலும் இருப்பது பெரும்பாலும் இதே உரைதான்.

எனவே ஐந்து தளங்களில் ஒரே வாசகம் இருப்பதைப் பார்த்து ‘ஐந்து சான்று’ என்று எண்ணிவிடாதீர்கள். அது ஒரே சான்றுதான்.

அப்படியானால் அந்தப் பழைய தொகுப்பை ஒதுக்கிவிடலாமா?

வேண்டாம். அதை மொழிபெயர்த்தவர்கள் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் தேர்ந்தவர்கள். கிறிசோஸ்தோமின் புதிய ஏற்பாட்டு மறையுரைகளில் பெரும்பகுதிக்கு இன்றுவரை முழு ஆங்கில வடிவமாக இருப்பது அதுதான். ஒரு நூலை முதன்முறை வாசிக்க, எந்த அதிகாரத்தில் என்ன வருகிறது என்று தெரிந்துகொள்ள, அது போதும்.

மேற்கோள் காட்டும்போதும், ஒரு கோட்பாட்டு வாதத்தை அதன்மேல் நிறுத்தும்போதும்தான் ஆபத்து. மொழிபெயர்ப்பாளரின் திறமை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அவர் கையில் இருந்த மூலம் குறைபட்டிருந்தால் ஆங்கிலமும் குறைபட்டதாகவே இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டிலும் கிடைத்த கையெழுத்துப் படிகள் ஏராளம். அவை இந்த 38 தொகுதிகளுக்குள் வரவில்லை, அல்லது பாதிதான் வந்தன. நடை பழையதா புதியதா என்பது அடுத்த கவலை. எந்த மூலத்திலிருந்து, எந்த ஆண்டில் மொழிபெயர்க்கப்பட்டது என்பதே முதல் கேள்வி.

மூலம் குறைபட்டதற்கு உதாரணம் காட்ட முடியுமா?

உரோமை கிளமெந்து கொரிந்து சபைக்கு எழுதிய கடிதம் சரியான உதாரணம். அந்நாளில் மொழிபெயர்ப்பாளர்களிடம் இருந்த ஒரே கிரேக்கச் சான்று அலெக்சாந்திரியக் கையெழுத்துப் படி. அதன் கடைசிப் பகுதியில் ஓர் ஏடு தொலைந்துபோயிருந்தது. அதனால் பழைய தொகுப்பின் ‘ஆன்டி-நைசீன்’ வரிசையில் முதல் தொகுதியில் இந்தக் கடிதம் 59 அதிகாரங்களோடு முடிந்துவிடுகிறது. முழுக் கடிதத்தில் 65 அதிகாரங்கள் உண்டு. விடுபட்ட பகுதியில்தான் ஆட்சியாளர்களுக்காகவும் வேண்டுகிற அந்த நீண்ட மன்றாட்டு வருகிறது. ஆதி வழிபாட்டைப் பற்றி அறிய விரும்புபவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். ஃபிலோத்தேயோஸ் பிரயேனியோஸ் 1873இல் கான்ஸ்டான்டிநோபிளில் கண்டெடுத்த படியில் முழு உரையும் இருந்தது. 1875இல் அதை வெளியிட்டார். பழைய தொகுப்பின் 9ஆம் தொகுதியில் முழு மொழிபெயர்ப்பு பிறகு சேர்க்கப்பட்டது. ஆனால் பல தளங்கள் முதல் தொகுதியில் உள்ளதையே காட்டுகின்றன. கடைசி அதிகார எண்ணைப் பாருங்கள். 59 என்று இருந்தால் அது குறைப்பிரதி.

‘திதக்கே’ என்னும் பன்னிருவர் போதனையும் அதே படியிலிருந்துதான் வெளிவந்தது. வெளியான ஆண்டு 1883. எடின்பரோ வரிசை அதற்கு முன்பே முடிந்துவிட்டதால் அதில் திதக்கே இல்லை. அமெரிக்க மறுபதிப்பின் 7ஆம் தொகுதியில் உண்டு.

இரனேயுவின் ‘திருத்தூதர் போதனை விளக்கம்’ 1904இல்தான் ஆர்மீனிய மொழியில் கிடைத்தது. ஆகவே அவருடைய எழுத்துகளுக்கான பழைய தொகுதியில் அதைத் தேடிப் பயனில்லை. ஆர்மிட்டேஜ் ராபின்சனின் 1920 மொழிபெயர்ப்பு இலவசமாகக் கிடைக்கும். ஜான் பேர் 1997இல் செய்தது கையடக்கமானது, அதையே பரிந்துரைப்போம். சர்தை ஆயர் மெலித்தோவின் பாஸ்கா மறையுரை 1940இல்தான் அச்சேறியது என்பதால் அதுவும் பழைய தொகுப்பில் கிடையாது.

அந்தியோக்கியா இஞ்ஞாசியாரின் கடிதங்களில் ஒரே பத்தி இரண்டு முறை, வேறு வேறு நீளத்தில் வருகிறதே?

அவருடைய கடிதங்கள் மூன்று வடிவங்களில் கிடைத்துள்ளன. சிரியாக்கில் உள்ள சுருக்க வடிவத்தில் மூன்று கடிதங்கள். கிரேக்க நடு வடிவத்தில் ஏழு. 4ஆம் நூற்றாண்டில் யாரோ விரித்து எழுதிய நீண்ட வடிவத்தில் அந்த ஏழும் ஊதிப் பெருத்திருக்கின்றன. போலிக் கடிதங்களும் கூடவே சேர்ந்துள்ளன. இன்று ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இஞ்ஞாசியாருடையதாக ஏற்பது நடு வடிவத்தின் ஏழு கடிதங்களைத்தான்.

பழைய தொகுப்பு நடு வடிவத்தையும் நீண்ட வடிவத்தையும் பக்கத்தில் பக்கமாக அச்சிட்டது. இணையத்துக்கு மாற்றும்போது அவை ஒன்றன்கீழ் ஒன்றாக வந்துவிட்டன. இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. அந்தத் தொகுப்பில் ‘ஷார்ட்டர்’ என்று தலைப்பிட்டிருப்பது நடு வடிவம். ஆய்வுக் கட்டுரைகளில் ‘ஷார்ட்’ என்றால் அது சிரியாக் வடிவம். பெயரை மட்டும் பார்த்துக் குழம்பிவிட வேண்டாம்.

நினைவில் வைக்க வேண்டிய ஏழு: எபேசு, மக்னேசியா, திராலஸ், உரோமை, பிலதெல்பியா, ஸ்மிர்னா ஆகிய சபைகளுக்கும், பொலிக்கார்ப்புக்கும் எழுதியவை. அன்னை மரியாவுக்கு, யோவானுக்கு, தர்சு நகரத்தாருக்கு, பிலிப்பியருக்கு இஞ்ஞாசியார் எழுதியதாக ஏதாவது காட்டப்பட்டால் அது போலி.

திருத்தூதர் காலத்தை அடுத்து வந்த இந்த எழுத்துகளுக்கு எந்தப் பதிப்பை வாங்கலாம்?

ஒரே ஒரு நூல் வாங்க முடியுமென்றால் மைக்கேல் ஹோம்ஸின் ‘தி அப்போஸ்டாலிக் ஃபாதர்ஸ்’ மூன்றாம் பதிப்பு, 2007. இடப்பக்கம் கிரேக்கம், வலப்பக்கம் ஆங்கிலம், அடியில் பாடபேதங்கள். கிரேக்கம் தெரியாதவருக்கும் அந்தப் பாடபேதக் குறிப்புகள் பயன்படும். எங்கே உரை உறுதியானது, எங்கே ஐயத்துக்குரியது என்பது கண்முன் தெரியும். மூலமும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கங்களில் வரும் லோப் வரிசையில் பார்ட் எர்மன் 2003இல் செய்த இரண்டு தொகுதிகளும் இதே தரத்தில் உள்ளவை. இரண்டையும் ஒப்பிட்டுப் படித்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் இருவரின் இறையியல் நிலைப்பாடும் வேறு. இருவரும் ஒத்துப்போகும் இடத்தில் மொழிபெயர்ப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

காசு செலவழிக்க இயலாவிட்டால் லைட்ஃபுட்டின் மொழிபெயர்ப்பை எடுங்கள். 1891இல் ஹார்மர் முடித்து வெளியிட்ட ஒற்றைத் தொகுதியில் கிளமெந்தின் முழு உரையும் திதக்கேயும் உள்ளன. கிர்சாப் லேக்கின் 1912–13 லோப் தொகுதிகளும் இப்போது இலவசம்.

மற்ற பெரிய ஆசிரியர்களுக்கு?

ஒவ்வொருவரிடமும் சிக்கல் வேறு வேறு இடத்தில் இருக்கிறது.

அலெக்சாந்திரியா கிளமெந்தின் ‘ஸ்ட்ரோமத்தா’ மூன்றாம் புத்தகம் திருமணத்தையும் பாலுறவையும் பேசுகிறது. விக்டோரியா காலத்து மொழிபெயர்ப்பாளர் கூச்சப்பட்டு அதை ஆங்கிலத்தில் தராமல் இலத்தீனில் விட்டுவிட்டார். தளத்தில் திடீரென இலத்தீன் பக்கங்கள் வந்தால் கோப்பு கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். ஆங்கிலத்தில் படிக்க ஹென்றி சாட்விக் பங்கேற்ற ‘அலெக்சாண்ட்ரியன் கிறிஸ்டியானிட்டி’ 1954 தொகுதி, அல்லது ஜான் ஃபெர்குசனின் 1991 மொழிபெயர்ப்பு.

ஒரிஜனின் ‘முதற்கொள்கைகள்’ நூலில்தான் மிகப் பெரிய கவனம் தேவை. கிரேக்க மூலத்தில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. முழுமையாக இருப்பது ரூஃபினுஸ் செய்த இலத்தீன் மொழிபெயர்ப்பு. சங்கடமான இடங்களைத் தான் சீர்செய்ததை அவரே ஒப்புக்கொள்கிறார். 1913இல் கோட்ஷாவ் என்ற ஜெர்மானியப் பதிப்பாசிரியர் ஒரிஜனின் எதிரிகள் காட்டிய துண்டுகளை எடுத்து உரைக்குள்ளேயே செருகினார். பட்டர்வொர்த்தின் 1936 ஆங்கிலம் அதைப் பின்பற்றியது. ஆகவே ‘ஒரிஜன் இப்படிச் சொன்னார்’ என்று பட்டர்வொர்த்திலிருந்து எடுக்கும் சில வரிகள் அவரைக் கண்டனம் செய்தவர்களின் ஏட்டிலிருந்து வந்தவையாக இருக்கலாம். ஜான் பேர் 2017இல் ஆக்ஸ்ஃபோர்டில் வெளியிட்ட பதிப்பு அந்தச் செருகல்களை நீக்கியது. ஆன்ம முன்னிருப்பு, இறுதி மீட்பு போன்ற தலைப்புகளில் எழுதுகிறவர்கள் ஜான் பேரின் இந்தப் பதிப்பைப் பார்க்காமல் எழுதக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

சிப்ரியானின் ‘திருச்சபையின் ஒற்றுமை’ 4ஆம் அதிகாரத்துக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று பேதுருவின் முதன்மையை அழுத்திச் சொல்லும். மற்றது அப்படிச் சொல்லாது. கத்தோலிக்கரும் புரோட்டஸ்டன்டுகளும் ஆளுக்கொரு வடிவத்தைக் காட்டி வாதிடுவது இதனால்தான். மொழிபெயர்ப்பாளர் பெவனோ இரண்டையும் தருகிறார். அவருடைய பதிப்பைப் பார்த்த பிறகு பேசுங்கள். சிப்ரியானின் கடித எண்களும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். அந்தோனியானுக்கு எழுதிய கடிதம் பழைய தொகுப்பில் 51, ஆக்ஸ்ஃபோர்டு எண்முறையில் 55. பெறுநர் பெயரையும் சேர்த்துத் தேடினால் தொல்லை இல்லை.

அகுஸ்தினாருக்கு நியூ சிட்டி பிரஸ் 1990 முதல் வெளியிட்டுவரும் வரிசை இருக்கிறது. ‘அறிக்கைகள்’ மட்டும் போதுமென்றால் சாட்விக் 1991 அல்லது மரியா போல்டிங் 1997.

யுசேபியுவின் திருச்சபை வரலாற்றுக்கு மெக்கிஃபர்ட்டின் 1890 மொழிபெயர்ப்பு அடிக்குறிப்புகளுக்காகவே இன்றும் மதிப்புள்ளது. வாசிப்புக்கு வில்லியம்சன் பெங்குவினில் செய்ததை ஆண்ட்ரூ லவுத் திருத்திய 1989 பதிப்பு சரளமாக இருக்கும்.

சிரியாக் ஆசிரியர்கள் பழைய தொகுப்பில் ஓரமாகத் தள்ளப்பட்டவர்கள். அஃப்ரஹாத்தின் 23 விளக்கவுரைகளில் 8 மட்டுமே அதில் உண்டு. எஃப்ரேமுக்கு செபஸ்தியான் பிராக், கேத்லீன் மெக்வே ஆகியோரின் மொழிபெயர்ப்புகளைத் தேடுங்கள். எஃப்ரேம் பெயரில் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் உலவும் மறையுரைகளில் பல அவருடையவை அல்ல.

கையில் ஒரு மொழிபெயர்ப்பு இருக்கிறது. அதை எப்படிச் சோதிப்பது?

முதலில் மொழிபெயர்ப்பாளர் பெயரும் ஆண்டும். நியூ அட்வென்ட் பக்கங்களில் அது கடைசியில் இருக்கும். எந்தத் தொகுதியிலிருந்து எடுத்தது, தளத்துக்காகத் திருத்தப்பட்டதா என்பதும் அங்கேயே உண்டு. பெயரும் ஆண்டும் இல்லாத மின்னூலை மேற்கோளுக்குப் பயன்படுத்தாதீர்கள். அட்டையில் புதிய ஆண்டு போட்டு உள்ளே 1870களின் உரையை விற்பது சாதாரணமாக நடக்கிறது. ‘தீ’, ‘தவ்’ (thee, thou) என்ற பழைய ஆங்கிலச் சொற்கள் வந்தால் சந்தேகப்படுங்கள். அவை நீக்கப்பட்டிருந்தால் முதல் பத்தியைப் பழைய தொகுப்போடு ஒப்பிட்டாலே உண்மை தெரிந்துவிடும்.

அடுத்து, முன்னுரையில் மூலப் பதிப்பின் பெயர். ‘சோர்ஸ் கிரெட்டியன்’, பெர்லின் ‘ஜி.சி.எஸ்’, வியன்னா ‘சி.எஸ்.இ.எல்’, ‘கார்ப்புஸ் கிறிஸ்தியனோரும்’ ஆகியவற்றில் ஒன்று சொல்லப்பட்டிருந்தால் நல்ல அறிகுறி. இவை பல கையெழுத்துப் படிகளை ஒப்பிட்டுத் தயாரித்தவை. மீஞ்ஞ் என்பவரின் 19ஆம் நூற்றாண்டுத் தொகுப்பு மட்டும் சொல்லப்பட்டிருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். அது பெரும்பாலும் அதற்கும் முந்தைய அச்சுகளின் மறுபதிப்பு. ஆனால் சில நூல்களுக்கு இன்றும் அதைவிட நல்லது இல்லை.

மூன்றாவது, விவிலிய மேற்கோள்கள். கிரேக்கத் தந்தையர், அதாவது கிரேக்கத்தில் எழுதிய ஆதித் திருச்சபை ஆசிரியர்கள், பழைய ஏற்பாட்டை அதன் பண்டைக் கிரேக்க வடிவமான எழுபதின்மர் மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தார்கள். பழைய ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் பல இடங்களில் கிங் ஜேம்ஸ் வாசகத்தையே அங்கே பொருத்திவிட்டார்கள். ஆசிரியர் அந்த வசனத்திலிருந்து எடுக்கும் முடிவு, மேலே தரப்பட்ட வசனத்தோடு ஒட்டவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். திருப்பாடல் எண்ணும் பல இடங்களில் ஒன்று குறைந்து வரும். நம் 23ஆம் திருப்பாடல் அவர்களுக்கு 22.

கடைசியாக, முக்கியமான பத்தியை இன்னொரு மொழிபெயர்ப்போடு ஒப்பிடுங்கள். இரண்டும் விலகும் இடத்தில்தான் சிக்கல் இருக்கிறது. அங்கே அடிக்குறிப்பை வாசிக்காமல் தாண்டாதீர்கள்.

காக்ஸின் குறிப்புகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அவர் அமெரிக்க எபிஸ்கோபல் ஆயர். உரோமையை எதிர்க்கும் வாதங்களை அடிக்குறிப்பிலும் பின்னிணைப்பிலும் தாராளமாக எழுதினார். அவற்றைத் தந்தையரின் கருத்தாகக் கொள்ள வேண்டாம்.

புதிய வரிசைகளில் எவற்றின் பெயரைப் பார்த்து எடுக்கலாம்?

‘ஏன்ஷியன்ட் கிறிஸ்டியன் ரைட்டர்ஸ்’, 1946 முதல், குறிப்புகள் செறிவானவை. ‘ஃபாதர்ஸ் ஆஃப் தி சர்ச்’, 1947 முதல். பரந்தது, தரம் தொகுதிக்குத் தொகுதி ஏறி இறங்கும், பிற்காலத் தொகுதிகள் மேலானவை. ‘ஆக்ஸ்ஃபோர்டு எர்லி கிறிஸ்டியன் டெக்ஸ்ட்ஸ்’ மூலத்தோடு வரும், விலை அதிகம். செயின்ட் விளாடிமிர்ஸ் பிரஸ்ஸின் ‘பாப்புலர் பேட்ரிஸ்டிக்ஸ்’ சிறியது, மலிவு. புதிதாகத் தொடங்குபவருக்கு ஏற்றது. வரலாற்று நூல்களுக்கு லிவர்பூலின் ‘டிரான்ஸ்லேட்டட் டெக்ஸ்ட்ஸ் ஃபார் ஹிஸ்டோரியன்ஸ்’.

வசன வாரியாகத் தந்தையரின் வரிகளைத் தொகுத்துத் தரும் விளக்கவுரை நூல்கள் மறையுரை தயாரிக்க உதவும். சூழல் வெட்டப்பட்டிருப்பதால், அங்கிருந்து நேரே மேற்கோள் எடுக்காமல் முழு நூலுக்குப் போய்விடுங்கள்.

புனித தோமாவைப் பற்றிய ஆதி நூலில் மயிலாப்பூர் வருகிறதா?

தமிழ் வாசகர்கள் அதிகம் கேட்பது இது. ‘தோமாவின் பணிகள்’ 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சிரியாக்கிலும் கிரேக்கத்திலும் உள்ளது. அதில் குந்தப்பர் அரசனும், தோமா கொல்லப்படும் மஸ்தாய் அரசனின் நாடும் வருகின்றன. மயிலாப்பூர் என்ற பெயர் இல்லை. நகருக்கு வெளியே ஒரு மலையில் அவர் கொல்லப்பட்டதாகவும், எலும்புகள் பின்னர் மேற்கே எடுத்துச் செல்லப்பட்டதாகவும் நூல் சொல்கிறது. மயிலாப்பூரோடு இணைக்கும் மரபுக்கு வேறு சான்றுகளைத்தான் பார்க்க வேண்டும்.

பழைய தொகுப்பின் 8ஆம் தொகுதியில் உள்ள மொழிபெயர்ப்பு அரைகுறை. திஷென்டார்ஃப் அச்சிட்ட முற்றுப்பெறாத கிரேக்க உரையை அது சார்ந்தது. நடுவே பெரும்பகுதியும் புகழ்பெற்ற ‘முத்துப் பாடலும்’ அதில் இல்லை. முழுமையாகப் படிக்க எம்.ஆர்.ஜேம்ஸின் 1924 தொகுப்பு இலவசம். அதைப் புதுப்பித்த ஜே.கே. எலியட்டின் 1993 தொகுப்பு மேலானது. சிரியாக் வடிவத்துக்கு வில்லியம் ரைட் 1871, அல்லது விரிவான விளக்கவுரையோடு கிளைன் வெளியிட்ட மொழிபெயர்ப்பு.

‘தோமா நற்செய்தி’ முற்றிலும் வேறு நூல். 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த படிகளில் முழுமையாக உள்ள 114 கூற்றுகள் அது. சிறுவன் இயேசுவின் அற்புதங்களைச் சொல்லும் ‘தோமாவின் குழந்தைப்பருவ நற்செய்தி’ மூன்றாவது. தேடும்போது மூன்றும் கலந்து வரும்.

வாட்ஸ்அப்பில் வரும் தந்தையர் மேற்கோள் உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நூல், புத்தகம், அதிகாரம் மூன்றும் இல்லாத மேற்கோளை முதலில் நம்பாதீர்கள். நூற்பெயர் கிடைத்தால் எத்தீரியல் லைப்ரரியில் அந்த அதிகாரத்தைத் திறந்து முன்பின் இரண்டு பத்தி வாசியுங்கள். கிடைக்காவிட்டால் கூகுள் புக்ஸில் ஆண்டு வரம்பு வைத்து, அந்த வாசகம் முதலில் எப்போது அச்சில் வருகிறது என்று பின்னோக்கிப் போங்கள்.

வழக்கமாகச் சிக்குபவை சில. ‘அபத்தம் என்பதால் நம்புகிறேன்’ என்று தெர்த்துல்லியன் எழுதவில்லை. ‘கிறிஸ்துவின் உடல்’ 5ஆம் அதிகாரத்தில் இருக்கும் வாசகம் வேறு. ‘உரோமை பேசிவிட்டது, வழக்கு முடிந்தது’ என்பது அகுஸ்தினாரின் 131ஆம் மறையுரையிலுள்ள ஒரு நீண்ட வாக்கியத்தின் சுருக்கம். ‘அடிப்படையில் ஒற்றுமை, ஐயத்தில் சுதந்திரம், எல்லாவற்றிலும் அன்பு’ என்பது அகுஸ்தினாருடையதே அல்ல, 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ‘மறைசாட்சிகளின் இரத்தம் திருச்சபையின் வித்து’ என்பதன் மூலம் தெர்த்துல்லியனின் ‘தற்காப்பு’ 50ஆம் அதிகாரம். அங்கே இருப்பது ‘கிறிஸ்தவர்களின் இரத்தம் வித்து’.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் தரும் மேற்கோளுக்கும் இதே சோதனைதான். அதிகார எண்ணோடு சேர்த்தே புனைந்து தரக்கூடியவை அவை. திறந்து பார்க்காமல் பகிராதீர்கள்.

சட்டப்படி இலவசமாக எவற்றை எடுக்கலாம்?

இந்தியச் சட்டத்தில் மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பாளரே ஆசிரியர். அவர் இறந்து 60 ஆண்டு கடந்தால் காப்புரிமை தீரும். அமெரிக்காவில் பழைய அச்சு நூல்களுக்கு அதிகபட்சம் வெளியீட்டிலிருந்து 95 ஆண்டு. எனவே லேக், ராபின்சன், ஜேம்ஸ் எல்லாம் திறந்தவை. பட்டர்வொர்த்துக்குப் பிந்தையவற்றை நூலகத்தில்தான் பார்க்க வேண்டும். இறையியல் கல்லூரி நூலகங்களில் ஆசிரியர் பெயரைவிட வரிசையின் பெயரைச் சொல்லிக் கேட்டால் விரைவாகக் கிடைக்கும்.

இன்டர்நெட் ஆர்க்கைவில் எடுக்கும்போது எழுத்துக் கோப்பைத் தவிர்த்து, பக்கப் படங்கள் உள்ள பி.டி.எஃப் கோப்பையே எடுங்கள். எழுத்துக் கோப்பில் அடிக்குறிப்பு உரைக்குள் நுழைந்துவிடும், ரோமன் எண்கள் பிறழும், கிரேக்கம் குப்பையாகிவிடும். 

கட்டுரையில் எப்படிக் குறிப்பிடுவது?

ஆசிரியர், நூல், உள்ளெண், அதன்பின் மொழிபெயர்ப்பாளரும் ஆண்டும். பக்க எண்ணை மட்டும் தந்தால் வேறு பதிப்பு வைத்திருப்பவருக்குப் பயனில்லை. எ.கா: இஞ்ஞாசியார், ஸ்மிர்னா 8.2, ஹோம்ஸ் 2007.

‘அறிக்கைகள்’ நூலுக்குப் புத்தகம், அதிகாரம், பத்தி என மூன்று எண்கள் உண்டு. ‘உம்மை எவ்வளவு காலந்தாழ்த்தி அன்புசெய்தேன்’ என்ற பகுதி 10.27.38. சிலர் 10.27 என்றும் சிலர் 10.38 என்றும் தருவார்கள். இரண்டும் ஒரே இடம்தான். எர்மாவின் ‘மேய்ப்பர்’ நூலுக்குக் காட்சி, கட்டளை, உவமை எனப் பழைய எண்முறையும், 1 முதல் 114 வரை தொடர்ந்து செல்லும் புதிய எண்முறையும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.